இரவல் இடுப்புவலி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, யாரோ ஒருவருடைய பேண்டின் காலை வெட்டிக்கொண்டிருந்தபோது, எனக்கு இடுப்புவலி வந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

தானாக வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை. என் மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய் அன்றோடு நாற்பத்தொன்பது நாள். போகும்போது சொன்ன கணக்கு பத்து நாள். அக்காவுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய்விட்டது. கையைத் தூக்க முடியாது, குக்கர் மூடியைத் திறக்க முடியாது, துணி காயப்போட முடியாது. ஒரே மகன் வெளிநாட்டில். "பத்து நாள் கூட இருந்துட்டு வந்துடறேங்க" என்றாள். நான் பெரிய வள்ளல் மாதிரி, "பத்து என்ன, இருபதுகூட இரு. நான் சமாளிச்சுக்குவேன்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் நுணலுக்கு அண்ணன்.

நான் தையல்காரன். பேண்ட் மட்டும்தான் தைப்பேன். வீட்டு முன்னறைதான் கடை. நான் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்காருவேன். அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து பட்டன் வைப்பாள், கால் ஓரத்தை மடித்துத் தைப்பாள். முப்பத்தோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. அவள் பேசிக்கொண்டே தைப்பாள். நான் "ம்" போட்டுக்கொண்டே தைப்பேன். அவள் போன மூன்றாவது வாரத்தில் ஒருநாள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நானாகவே "ம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சுவரோரத்தில் பட்டன் டப்பா மட்டும் இருந்தது.

வெளியே சொல்லிவிடாதீர்கள், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு ஒன்றை வாஷ்பேசினில் கொட்டினேன். அளவு கொடுக்க வந்தவரை இன்னும் ஐந்து நிமிஷம் நிறுத்தி வைக்கலாமே என்று ஒரே காலை மூன்று தடவை அளந்தேன். அவர் பயந்துபோய், "ஏன் சார், என் கால் ரெண்டும் ஒரே நீளம்தானே?" என்று கேட்டார்.

போனை எடுத்து "வா" என்று ஒரே ஒரு எழுத்தைச் சொன்னால் முடிந்தது. ஆனால் என் கௌரவம் என்ன ஆவது? அந்தக் கௌரவம் இத்தனை வருஷமும் அவள் அனுமதியோடுதான் வீட்டில் இருந்து வந்திருக்கிறது என்பது வேறு விஷயம். அவளாகவே வரவேண்டும். அதற்கு ஒரு நோய் வேண்டும். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். பல்வலி என்றால் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். இடுப்புவலிக்குச் சாட்சியே கிடையாது.

அன்று மாலை அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அதற்காகத்தான் குரலை ஒரு மாதிரி வைத்திருந்தேன்.

"ஒண்ணுமில்லை, விடு."

"சொல்லுங்க."

"நீ அக்காவைக் கவனி. எனக்கு என்ன, வெறும் இடுப்புதான்."

"இடுப்புக்கு என்ன?"

"வலி."

"எங்க வலிக்குது? எப்படி வலிக்குது?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தேன், வார்த்தை தானாக வந்து விழுந்தது. எனக்கே ஆச்சரியம்.

"இடது பக்கம், கீழ. காலையில எந்திரிச்சா முதல் பத்து அடி நிமிரவே முடியலை. அப்புறம் கொஞ்சம் விடுது. கீழ்த்தட்டுல இருக்கற பாத்திரத்தை எடுக்கக் குனிஞ்சா சுள்ளுனு தொடை வரைக்கும் இழுக்குது. மழை வர்ற மாதிரி இருந்தா கூடுதலா ஒரு பங்கு."

மறுமுனையில் சத்தமே இல்லை. கவலையில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

"உக்காந்துட்டு எந்திரிக்கும்போது?" என்றாள் மெதுவாக.

"கையைத் தரையில ஊணித்தான் எந்திரிக்கறேன்."

"நீங்க ஸ்டூல்லதான உக்காருவீங்க?"

"ஆமா. ஸ்டூல்லேர்ந்து தரைக்கு வந்து, அங்கேர்ந்து எந்திரிக்கறேன்."

"சரி" என்றாள். பிறகு, "நான் வரணுமா?" என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் ஆமாம் என்றிருக்கவேண்டும். என் கௌரவம் முந்திக்கொண்டது.

"சேச்சே, நீ எதுக்கு? உனக்காத் தோணினா வா."

"எனக்காத் தோணும்போது வரேன். அதுக்குள்ள ஒரு ஹீட்டிங் பேட் வாங்கிக்குங்க. கரண்ட் ஒத்தடம். அக்காவுக்கு டாக்டர் சொல்லி வாங்கினோம், நல்லாக் கேக்குது."

பெண்டாட்டியைக் கூப்பிட்டால் பேட் வருகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. இருந்தாலும் நோயாளி என்று சொல்லிவிட்ட பிறகு வைத்தியம் வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வரும். மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன்.

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். இடுப்பு."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"அந்த அளவுக்கு வலி இல்லை."

"எந்த அளவுக்கு இருக்கு?"

"பேட் வாங்கற அளவுக்கு."

"சுகர் இருக்கா? கால் மரத்துப்போகுதா? சூடு பட்டா உடனே தெரியுமா?"

"நான் டெய்லர்மா. அயர்ன் பாக்ஸ் சுடாத விரலே என்கிட்ட கிடையாது."

"சுட்டுதான்னு கேக்கலை. தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"தெரியாதவங்களுக்கு டாக்டரைக் கேக்காம நான் தர்றதில்லை. தோல் வெந்துட்டிருக்கும், இவங்க சுகமாப் படுத்திருப்பாங்க."

இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சின்னது. அது போதும் என்றேன்.

"இது தானா அணையாது."

"நானே அணைச்சுக்கறேன்."

"கண்ணசந்துட்டா?"

"என் மனைவி..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "இப்ப ஊர்ல இல்லை."

கடைக்காரம்மா சின்னப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பெரியதைப் பிரித்துக் காட்டினார். இடுப்பு முழுக்க மூடும் அகலம். அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். சூட்டை மூன்று விதமாக வைக்கலாம். உறையைக் கழற்றித் துவைக்கலாம். பிறகு விதிகளை அடுக்கினார்.

"முதல்ல குறைஞ்ச சூடு. அதுலயே பெரும்பாலும் போதும். வெறும் தோல்மேல வைக்காதீங்க, துணிக்கு மேல வைங்க. அதுமேல ஏறிப் படுக்காதீங்க, அதைத்தான் உங்க மேல வைக்கணும். தைலம் தடவிட்டு வெச்சா தோல் பொத்துப்போகும். மடிக்காதீங்க, சுருட்டாதீங்க. ஒயர் கிழிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க. ஈரம் ஆகாது. இருபது நிமிஷம் போதும். தூங்கிடக் கூடாது. ஊசி, பின் எதுவும் குத்தக் கூடாது." என் சட்டைக் காலரில் வரிசையாகக் குத்தியிருந்த குண்டூசிகளைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுகூட" என்றார்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். எனக்குப் புரியாமல் இல்லை. எதிரே நின்று ஒரு குரல் எனக்காகப் பேசி ஏழு வாரம் ஆகியிருந்தது. அந்த அம்மாளும் பொறுமையாக மறுபடி முதலில் இருந்து சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது, "பெட்டிக்குள்ள புத்தகம் இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த போன் தினமும் இரண்டு தடவை வர ஆரம்பித்தது. எல்லாம் என் இடுப்பை விசாரிக்கத்தான். அக்காவின் தோளைக்கூட அவள் இவ்வளவு விசாரித்திருக்கமாட்டாள். பொய் சொன்னாலும் பலன் இருக்கிறதே என்று நான் வலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன்.

"இன்னைக்கு எவ்வளவு நேரம் வெச்சீங்க?"

"ரெண்டு மணி நேரம். விடாம."

"அரை மணியில அணைஞ்சுடும்னு நேத்து நீங்கதான அட்டையைப் படிச்சுக் காட்டினீங்க?"

"நாலு தடவை போட்டேன்."

"சுவிட்ச் கீழதான இருக்கு? நாலு தடவையும் குனிஞ்சீங்களா?"

"குனிஞ்சேன்."

"குனிய முடிஞ்சுதா?"

"உன்னை நினைச்சுட்டுக் குனிஞ்சேன்" என்றேன். அவள் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சிரிப்பு காதில் விழுந்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

உண்மையில் பேட் அதுவரை பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. வலி இல்லாதவனுக்கு ஒத்தடம் எதற்கு? ஆனால் ஒருநாள் அவள் பேடை இடுப்பில் வைத்துப் போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டாள். வெளியே எடுத்தேன். பார்த்தால் இடுப்பில் நிற்க அதற்கு ஒரு பட்டையும் இல்லை. தையல்காரன் கை சும்மா இருக்குமா? நாடாவை வெட்டி, பேடின் ஓரத்தில் வைத்து, மெஷினின் அடியில் தள்ளினேன். ஊசி இறங்குவதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"பேடுக்கு பெல்ட் தைக்கப்போறேன்."

"எதுல வெச்சு?"

"பேட்லயேதான்."

"காலை எடுங்க. மெஷின்லேர்ந்து காலை எடுங்க முதல்ல. உள்ள பூரா ஒயர் ஓடுது, ஊசி பட்டா அப்புறம் உங்களைத்தான் கரியா அள்ளணும். தனியா ஒரு பருத்தி உறை தைங்க. பெல்ட்டை அதுல வைங்க. பேடை அதுக்குள்ள நீட்டாப் போடுங்க."

குண்டூசியைப் பற்றி மருந்துக்கடையில் இரண்டு தடவை கேட்டவன் நான். மெஷின் ஊசி அந்தக் கணக்கில் வராது என்று எப்படியோ நினைத்துவிட்டேன். சமர்த்தாக உறை தைத்தேன். மென்மையான பருத்தியில், ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, இரண்டு பக்கமும் பெல்ட் வைத்து. எந்தக் கஸ்டமருக்கும் நான் அவ்வளவு ஒழுங்காகத் தைத்ததில்லை. அன்று மாலை குப்புறப் படுத்து, முதல் சூட்டில் இடுப்புமேல் வைத்துப் பார்த்தேன். வலியே இல்லாத இடுப்புக்கு அது அவ்வளவு இதமாக இருந்தது. அரை மணியில் டிக்கென்று அணைந்தது. பேச்சில்லாத அந்த வீட்டில் அந்த ஒரு டிக் சத்தத்துக்காகவே எழுந்து மறுபடி போடலாமா என்று தோன்றியது.

அடுத்த நாள் அவளே சொன்னாள். "நாளைக்கு அந்த பேடை எடுத்துட்டு இங்க வாங்க. நானே உங்களைப் பாக்கணும்."

வெற்றி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று கொண்டாடினேன். போகிறேன், நொண்டுகிறேன், அவள் உருகுகிறாள், அன்றே என்னோடு கிளம்புகிறாள். திரும்பி வர மத்தியான பஸ்ஸில் இரண்டு சீட் முன்கூட்டியே எடுத்துவைத்தேன். ஜன்னலோரம் அவளுக்கு.

அக்கா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கை தூக்க முடியாவிட்டாலும் புருவத்தைத் தூக்குவார். நான் வாசல்படி ஏறும்போதே இடது கையை இடுப்பில் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, பத்து அடியை எண்ணி நடந்து, அப்புறம் மெல்ல நிமிர்ந்தேன். அப்படி ஒரு நடிப்பு. அக்கா நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். என் மனைவி சமையலறைக் கதவோரமாக நின்று பார்த்தாள்.

"ஏண்டி" என்றார் அக்கா, "தம்பி அப்படியே உன்னை மாதிரியே நடக்கறார்."

கை இடுப்பிலேயே நின்றுவிட்டது. என் மனைவி அங்கிருந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். இடது பக்கம் லேசாக இழுத்து, முன்னால் சாய்ந்து. நான் இந்த நடையை எங்கே கற்றுக்கொண்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. கையில் கிடைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எத்தனை வருஷமா?" என்றேன்.

"பதினோரு வருஷம். தரையில உக்காந்து தைக்கற இடுப்பு வேற எப்படி இருக்கும்? தினமும் சொன்னேன். நீங்க தினமும் 'ம்'னு சொன்னீங்க."

ஊரில் உள்ள இடுப்பை எல்லாம் நாடா வைத்து அளந்தவன், ஆறடி தள்ளி இருந்த இடுப்பைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஏழு வாரம் தனியாக இருந்ததைவிட அந்த ஒரு நிமிஷம்தான் நான் மிகவும் தனியாக இருந்தேன்.

"அன்னைக்கு நீங்க போன்ல சொல்லச் சொல்ல எனக்குக் கை கால் ஓடலை" என்றாள். "முதல் பத்து அடி, கீழ்த்தட்டுப் பாத்திரம், மழை. ஒரு வார்த்தை விடலை. சரி, மனுஷன் காதுல விழாமலா இருந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். அதனாலதான் கோவமே வரலை."

"தெரிஞ்சுகிட்டே ஏன் பேட் வாங்கச் சொன்னே?"

"எனக்கு வேண்டாமா? என் இடுப்புக்குன்னு கேட்டிருந்தா 'ம்'னுருப்பீங்க. உங்க இடுப்புன்னதும் மறுநாளே வந்துச்சு பாருங்க."

அக்கா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். இடது கையால்தான்.

"வீட்டுல ஒத்தையா இருக்க முடியலை" என்றேன். கௌரவத்தை வாசலில் செருப்போடு விட்டாகிவிட்டது. "யாரும் பேசறதில்லை. சும்மா மெஷின் சத்தம் மட்டும்தான். வந்துடு."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன். நான் வரணுமான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டே. இப்ப வர்றியா?"

"வரேன். இன்னைக்கே கிளம்பறேன். அதுக்கு முன்னாடி அந்த பேடைப் போடுங்க, பாப்போம்."

என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உறையை எடுத்து அவள் இடுப்பில் கட்டினேன். பெல்ட் தொளதொளவென்று விழுந்தது. என் அளவுக்குத் தைத்தது.

"என் இடுப்பு எத்தனை இஞ்ச்?" என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பேப்பரைப் பார்த்தார். பாக்கெட்டில் இருந்த நாடாவை எடுத்து அளந்தேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. அக்கா வீட்டு மூலையில் ஒரு பழைய மெஷின் இருந்தது. பேடை வெளியே எடுத்துவிட்டு, பெல்ட்டைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, துணிக்கு மேலாக வைத்து, குறைந்த சூட்டைப் போட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ரொம்பச் சுடுதா என்று மூன்று தடவை கேட்டேன். ஒயரில் கால் இடறாமல் ஓரமாக இழுத்துவைத்தேன். அவள் கண்ணை மூடினாள். தூங்கிவிடாதே என்றேன். "அதுக்குத்தான நீங்க உக்காந்திருக்கீங்க" என்றாள். அவள் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. இருபதாவது நிமிஷம் நானே அணைத்தேன்.

எழுந்தாள். பத்து அடி நடந்து பார்த்தாள். ஐந்தாவது அடியிலேயே நிமிர்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து கட்டிவைத்த பையை எடுத்தாள். நானும் என் பையை எடுத்தேன்.

"நீங்க எங்க கிளம்பறீங்க?"

"வீட்டுக்கு."

"அக்கா?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"பையன் வர்றதுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. அக்காவைக் காட்டப் போனப்ப டாக்டர்கிட்ட என் இடுப்பையும் காட்டினேன். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஒத்தடம் வெச்சுட்டு ஒரு மாசம் சும்மா இருன்னுட்டார். இங்க இருந்தா சும்மா இருக்க முடியுமா? குக்கர் மூடி, துணி பக்கெட், எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணும். உங்களுக்குத்தான் ஒத்தடம் வைக்க அத்தனை விதியும் மனப்பாடமா இருக்கே. அக்காவோட பேட் அந்த அலமாரியில இருக்கு."

"என் கடை?"

"அந்த மெஷின் நல்லா ஓடுது. இப்பத்தான ஓட்டிப் பாத்தீங்க."

"என் இடுப்பு?" என்றேன். கடைசி ஆயுதம்.

"அதைத்தான் நான் எடுத்துட்டுப் போறேனே" என்று பையைத் தட்டிக் காட்டினாள்.

பஸ் நிறுத்தம் வரை நான்தான் பையைத் தூக்கிப் போனேன். இரண்டு சீட் எடுத்திருப்பதைச் சொன்னேன். "நல்லதாப் போச்சு, காலை நீட்டிட்டுப் போவேன்" என்றாள். பஸ் நகரும்போது ஜன்னலில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்தபோது அக்கா தோளுக்கான பயிற்சிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

"தம்பி, நான் இழுக்கறேன், நீங்க எண்ணுங்க. சத்தமா. முப்பது வரைக்கும். நடுவுல விட்டீங்கன்னா முதல்லேர்ந்து."

இரண்டு தடவை விட்டேன். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டேன்.

"போய்ச் சேந்துட்டியா?"

"ம்."

"வீடு எப்படி இருக்கு?"

"அப்பாடா, என்ன ஒரு அமைதி. இப்பதாங்க பேடை வெச்சுப் படுத்தேன், இருபது நிமிஷம் பேச்சுக் குடுக்காதீங்க."

ஆக, நான் திட்டம் போட்டபடியே என் மனைவி வீடு திரும்பிவிட்டாள். நான்தான் வீட்டில் இல்லை.